பழைய காருக்குக் குளிர்ந்த இடம் வேண்டாம், உலர்ந்த இடம் வேண்டும்

கேள்வி: அப்பா வாங்கிய 1968 மாடல் பியட் 1100 டிலைட் எங்களிடம் இருக்கிறது. போன வருடம்தான் டிங்கரிங் வேலை முடித்து பெயின்ட் அடித்தோம். வேலைக்காக இரண்டு வருடம் துபாய் போகிறேன், வண்டியை நிறுத்த இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, ஏற்காட்டில் சித்தப்பாவின் காபி எஸ்டேட்டில் காலியாகக் கிடக்கும் கல் கட்டட குடோன். வாடகை கிடையாது, ஜிலுஜிலுவென்று இருக்கும். இன்னொன்று மலைக்குக் கீழே, சேலம் கொண்டலாம்பட்டியில் ஒரு தறிப்பட்டறையை ஒட்டிய சிமென்ட் ஷீட் ஷெட். மாத வாடகை, மதியம் உள்ளே நிற்க முடியாது. வீட்டில் எல்லோரும் ஏற்காடுதான் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார்?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கொண்டலாம்பட்டி. வாடகை போனால் போகட்டும்.

நமக்கு வெயில் ஆகாது என்பதால் வண்டிக்கும் ஆகாது என்று நினைத்துக்கொள்கிறோம். இரும்பு துருப்பிடிக்க வேண்டியது ஈரமும் காற்றும்தான், சூடு மட்டும் அதை ஒன்றும் செய்யாது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் துரு வேகம் பிடிக்கும், ஏற்காட்டில் மழைக்காலம் தொடங்கி மார்கழிப் பனி வரைக்கும் அதற்குக் கீழே இறங்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைவிட மோசம் அந்தக் கல் சுவர். ராத்திரிக் குளிரைச் சுவரும் வண்டியும் பிடித்து வைத்திருக்க, காலையில் வெளிக்காற்று கொஞ்சம் சூடேறி ஈரத்தோடு உள்ளே வரும், வந்து அந்தக் குளிர்ந்த இரும்பின் மேல் நீராகக் கோர்த்துக்கொள்ளும். கணக்காகச் சொன்னால், 20 டிகிரி காற்றில் 80 சதவீதம் ஈரப்பதம் இருக்கும்போது இரும்பு 16 டிகிரியில் இருந்தாலே வேர்க்க ஆரம்பித்துவிடும். ஒரு சொட்டு மழை படாமல், கூரைக்குக் கீழேயே, தினமும் நனைகிற வண்டி அது.

உங்கள் பியட்டுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே இருக்கிற சட்டமும் தரைத் தகடும் அரித்துப்போனால் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அந்தச் சட்டங்களின் உட்புறத்துக்குப் போன வருடப் பெயின்ட் போயே இருக்காது, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். சூட்டில் போவது என்ன? கதவு பீடிங், டயர், டேஷ்போர்டு, சீட் ரெக்சின். இதெல்லாம் காசு கொடுத்தால் மாற்றக்கூடியவை. அதையும் பாதியாகக் குறைக்கலாம்: ஷீட்டின் மேல் வெள்ளையடியுங்கள், அல்லது அடியில் தெர்மோகோல் சீலிங் போடுங்கள். பட்டறைப் பக்கம் என்றால் தெர்மோகோலில் தீப்பற்றும் பயம் உண்டு, நான் வெள்ளையடிப்பதோடு நிறுத்துவேன்.

ஆனால் கொண்டலாம்பட்டி என்றதும் கண்ணை மூடிக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம். முதலில் தரை. ஒரு சதுர மீட்டர் பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் துளித்துளியாக நீர் நின்றால் தரைக்குள்ளிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு நல்ல மழை பெய்த அன்றைக்கே போய் நிற்பது உத்தமம். ஷீட் ஆணி வழியாகச் சொட்டுகிறதா, தெருத் தண்ணீர் ஷட்டருக்கு அடியில் உள்ளே வருகிறதா என்பதை வெயில் நாளில் எந்த ஓனரும் சொல்ல மாட்டார். திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான இடமென்றால் யோசிக்கவே வேண்டாம், வேறு பாருங்கள்.

அடுத்தது, பக்கத்தில் என்ன இருக்கிறது? பிளீச்சிங் பவுடர், ஆசிட் கேன், உர மூட்டை இவற்றோடு ஒரே கூரையின் கீழ் வண்டியை விடாதீர்கள். அவற்றின் ஆவியே இரும்பைத் தின்றுவிடும். தறியின் பஞ்சுத் தூசி வேறு, அது ஈரத்தையும் பிடித்து வைக்கும், நெருப்பையும் பிடிக்கும். நடுவில் முழுச் சுவர் இருக்க வேண்டும், ஷெட்டுக்கு மெயின் சுவிட்ச் தனியாக இருக்க வேண்டும். வண்டி நிற்கப்போகும் முகவரியை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், தீயும் திருட்டும் பாலிசியில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை விடுவதற்கு முன்: அடிப்பாகம் வரை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, புது என்ஜின் ஆயில் ஊற்றுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் தண்ணீரை இழுக்கும், 1968-ன் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. எனவே இரண்டு வருடம் என்றால் டேங்க், கார்பரேட்டர் இரண்டையும் காலி செய்துவிடுங்கள். காலி டேங்க் உள்ளே துருப்பிடிக்காதா என்று மெக்கானிக் கேட்பார். நியாயமான கேள்விதான், ஆனால் ஈரமான இடத்தில்தான் அது பெரிய பயம். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்து அவ்வப்போது சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பிரேக் கட்டை (ஷூ) டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். மேலே பருத்தித் துணிக் கவர் மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டால் ஏற்காட்டையே கொண்டுவந்து வண்டிக்குள் வைத்த மாதிரி.

கேள்வி: நாங்கள் இருப்பதே ஏற்காட்டில். அம்பாசடரைக் கீழே அனுப்ப மனமில்லை. என்ன வழி?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: மனமிருந்தால் மார்க்கமுண்டு, கரண்ட் பில்லும் உண்டு. சின்ன அறையாகப் பார்த்து ஜன்னல், ஷட்டர் இடுக்கு எல்லாம் அடைத்து, உள்ளே டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் மிஷின், வையுங்கள். திறந்த ஷெட்டில் வைத்தால் சேர்வராயன் மலையையே காயவைக்கப் பார்ப்பதாகிவிடும். கம்ப்ரஸர் வைத்த மிஷின் குளிரில் திணறும், சிலிக்கா ஜெல் மாதிரி ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்கிற மிஷின் உங்கள் ஊருக்குப் பொருந்தும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று, முள்ளை 50-க்குப் பக்கத்தில் வைத்திருங்கள். 40-க்குக் கீழே இறக்கிவிடாதீர்கள், சீட் லெதரும் மர வேலையும் வெடித்துவிடும்.

கேள்வி: நிறுத்திய வண்டியை வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் நல்லதுதானே?
— ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: இல்லை. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஐந்து நிமிடத்தில் சைலன்சர் அதை ஆவியாக்கும் அளவுக்குச் சூடாகாது, அங்கேயே தங்கி அரிக்கும், கொஞ்சம் என்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஸ்டார்ட் செய்தால் ஓமலூர் வரைக்குமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். அதற்கு நேரமில்லை என்றால் சாவியைத் தொடாதீர்கள்.