"போரடிக்குது" என்று சொன்னால் சொல்லட்டும்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. போனை வாங்கி வைத்தால் "போரடிக்குது, என்ன பண்றது?" என்று என் பின்னாலேயே சுற்றுகிறான். பொம்மைகள் ஒரு கூடை நிறையக் கிடக்கின்றன, எதையும் தொடுவதில்லை. நான் கூட உட்கார்ந்தால் விளையாடுகிறான், நான் எழுந்தால் அவனும் எழுந்துவிடுகிறான். அவனுக்குக் கற்பனையே வராதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: வரும், பயப்படாதீர்கள். வீடியோவில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது, இனி என்ன என்று யோசிக்கிற வேலையே அவனுக்கு இல்லை. போனை வாங்கியதும் அந்த வேலை மொத்தமாக அவன் தலையில் விழுகிறது, அதைத்தான் போரடிக்குது என்கிறான். உடனே நீங்கள் ஓடிப்போய் ஒரு விளையாட்டை ஏற்பாடு செய்தால், அவன் யோசிக்க வேண்டியதை நீங்கள் யோசித்துக் கொடுத்துவிடுகிறீர்கள்.

கொஞ்ச நேரம் போரடிக்க விடுங்கள். சிணுங்குவான், தரையில் புரளுவான், பரவாயில்லை. என் மகள் இதே வயதில் ஒரு மத்தியானம் அப்படித்தான் அரை மணி நேரம் புரண்டுகொண்டிருந்தாள், அப்புறம் மூலையில் கிடந்த காலி அட்டைப்பெட்டியை இழுத்து வந்து உள்ளே உட்கார்ந்தாள், ஒரு தட்டு ஸ்டியரிங் ஆனது, வாசலில் கிடந்த செருப்புகள் எல்லாம் வரிசையாகப் பயணிகள் ஆயின. டிக்கெட் எடுக்காத ஒரு செருப்பு மட்டும் வழியிலேயே இறக்கிவிடப்பட்டது. நான் வாயைத் திறக்கவே இல்லை.

அந்தக் கூடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 16 பொம்மைகளோடு விட்டபோது இருந்ததைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். அவர்கள் உங்கள் மகனைவிடச் சின்னவர்கள்தான், ஆனாலும் செய்து பார்க்கலாம்: நாலைந்தை வெளியே வைத்துவிட்டு மீதியைக் கட்டிப் பரண்மேல் போடுங்கள், இரண்டு வாரம் கழித்து மாற்றுங்கள். அதோடு அட்டைப்பெட்டி, பழைய போர்வை, துணி கிளிப், கயிறு, மூடிகள் என்று இன்னதற்குத்தான் என்று வரையறை இல்லாத சாமான்களைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பட்டனை அமுக்கினால் கத்துகிற கார் காராக மட்டும்தான் இருக்கும், போர்வை ஒரே நாளில் குகையும் ஆகும், கடலும் ஆகும். அமெரிக்காவில் சிறந்த பொம்மைகளுக்கென்றே ஒரு கௌரவப் பட்டியல் உண்டு, அதில் 2005-இல் அட்டைப்பெட்டியையும் 2008-இல் வெறும் குச்சியையும் சேர்த்தார்கள்.

கூட உட்காருவதை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பக்கத்தில் இருந்து உங்கள் வேலையைப் பாருங்கள், கூப்பிட்டால் மட்டும் போங்கள். "பஸ்ஸுக்கு நாலு சக்கரம் வேணுமே" என்று திருத்தாதீர்கள், "இந்த பஸ் எங்கே போகுது?" என்று கேளுங்கள். அப்புறம் ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: பாதியில் விட்ட விளையாட்டை ராத்திரியே ஒதுக்கி வைத்துவிடாதீர்கள், காலையில் எழுந்ததும் அவன் நேராக அங்கேதான் போவான்.

கேள்வி: பேத்திக்கு ஒன்றரை வயது. போனில் பாட்டு வீடியோ காட்டினால் சீக்கிரம் பேசுவாள் என்கிறார்களே?

பதில்: வேண்டாம் அம்மா. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு வயதுக்கு மேல்கூட ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்தான், அதிலும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அவள் "தா" என்றால் நீங்கள் திரும்பி "இந்தா" என்கிறீர்களே, பேச்சு அதில்தான் வளர்கிறது. பாட்டை நீங்களே பாடுங்கள். அடுக்க நாலு கிண்ணங்களைக் கொடுங்கள், வாய்க்குள் போகிற அளவுக்குச் சின்னதாக எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.