ராஜாவின் தலையும் கஜானா சாவியும்

அன்புள்ள ஐயா,
மன்னனின் தலையை வெட்டிய பிரான்சுதான் உண்மையான ஜனநாயகத்தைக் கொண்டுவந்தது, மன்னரை வைத்துக்கொண்டே நடத்தும் இங்கிலாந்தும் நம் மலேசியாவும் அரைகுறைதான் என்கிறான் என் நண்பன். எனக்கும் அது சரியென்றே படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
ஒரு வாசகர், கிள்ளான்

அன்புள்ள வாசகருக்கு,

தலையை முதலில் வெட்டியது இங்கிலாந்துதான். பிரான்சின் பதினாறாம் லூயிக்கு 144 வருடம் முன்பே, 1649இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை போய்விட்டது. அப்புறம் என்ன ஆயிற்று? அவரை எதிர்த்துப் போரிட்ட படைத்தலைவர் கிராம்வெல் கிரீடம் இல்லாத மன்னராக உட்கார்ந்தார், 1660இல் தலை போன சார்லஸின் மகனையே கூப்பிட்டு அரியணையில் ஏற்றினார்கள். பிரான்சிலும் கிட்டத்தட்ட அதே கதை: 1804இல் நெப்போலியன் பேரரசர், 1814இல் மறுபடி பழைய வம்சம், குடியரசு நிலைக்க 1870க்கு மேல் ஆனது.

அதனால் நான் தலையைப் பார்ப்பதில்லை, கஜானா சாவி யார் கையில் என்று பார்க்கிறேன். 1688இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ஓடிப்போனார் (போகிற வழியில் அரச முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் வீசினார், அது இல்லாவிட்டால் அரசாங்கமே நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ). மறுவருடம் நாடாளுமன்றம் கறாராகச் சட்டம் எழுதியது: எங்கள் சம்மதமில்லாமல் வரி கிடையாது. பிரான்சில் அப்படிப்பட்ட சபை 1614க்குப் பிறகு 175 வருடம் கூடவே இல்லை. கடன் கழுத்தை நெரித்து லூயி அதைக் கூட்டியபோது, பேரம் பேசிப் பழக்கமே இல்லாதவர்கள் எதிரெதிரே நின்றார்கள். ரஷ்யா இன்னும் மோசம், ஜார் மன்னர் போனபின் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபை 1918 ஜனவரியில் ஒரே ஒருமுறை கூடியது, ஆட்சியைப் பிடித்திருந்த லெனினின் போல்ஷெவிக்குகள் கலைத்துவிட்டார்கள்.

ஆனால் உங்கள் நண்பர் சொல்வதில் ஒன்று சரி. பிறப்பிலேயே எல்லாரும் சமம் என்று 1789இல் பிரெஞ்சுக்காரர்கள் உரக்கச் சொன்னது லண்டன் பிரபுக்களின் வாயில் வந்திருக்காது. அவர்கள் காப்பாற்றியது தங்கள் பணப்பையை.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 96ஆவது பிரிவும் சட்டமில்லாமல் வரியில்லை என்கிறது, அந்த 1689 வாசனைதான். மாமன்னரையும் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரகசிய வாக்கில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022இல் மக்களவையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது பிரதமர் யாரென்று அறிய எல்லாரும் அரண்மனை வாசலைப் பார்த்து நின்றோமே, எனக்கு நெருடியது அதுதான்; அதற்கும் நான் நம் கட்சிகளைத்தான் திட்டுவேன்.

நான் இருக்கும் பினாங்கில் சுல்தான் கிடையாது, ஆளுநர்தான். உங்கள் சிலாங்கூரில் சுல்தான் உண்டு. ஏப்ரல் வந்தால் இரண்டு பேரும் ஒரே வருமான வரிப் பாரத்தைத்தான் நிரப்புகிறோம், எனக்கு இங்கே ஜனநாயகம் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்ததாகத் தெரியவில்லை.