அதிரப்பள்ளியில் அருவி தெரியும் அறை: அம்மாவுக்காக அந்தப் பணம் தகுமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 70 வயது நிறைகிறது. சாங்கி விமான நிலையத்து ஜுவல் வளாகத்தில், மழைச் சுழல் என்ற செயற்கை அருவியைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு தடவை அதிரப்பள்ளியைக் கண்ணால பாத்துடணும்" என்பார். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, நாங்கள் இருவர், எட்டு வயது மகன் என ஐந்து பேரும் கேரளாவுக்குப் போய் அங்கேயே நான்கு இரவு தங்க நினைக்கிறோம். சொகுசு விடுதி ஒன்றில், அருவியைப் பார்த்த அறைக்குச் சாதாரண அறையைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அப்பாவுக்கு அருவியில் குளிக்க வேண்டும்.

பதில்: கொடுங்கள். ஆனால் இரண்டு இரவுக்கு மட்டும். ஜூன் வேண்டாம், நவம்பர் கடைசிக்கு மாற்றுங்கள்.

காரணத்தைச் சொல்வதற்குமுன் அம்மாவின் மனத்தில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஜுவல் மழைச் சுழலின் உயரம் 40 மீட்டர். அதிரப்பள்ளி சுமார் 24 மீட்டர்தான், 80 அடி. "இதைவிடப் பெரிசா இருக்கும்" என்று அண்ணாந்து பார்க்கப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அங்கே விழுவது ஒரு முழு ஆறு. ஆனைமலைப் பக்கம் பிறந்து வரும் சாலக்குடி ஆறு, காட்டுக்குள் பரந்து ஓடி, பாறை விளிம்பு வந்ததும் அப்படியே கவிழ்கிறது. நல்ல தண்ணீர்க் காலத்தில் எதிரே நின்றால் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடி சாரல் படிந்துவிடும். அந்த அனுபவம் ஜுவலில் கிடைக்காது.

இப்போது முழங்கால். வனத்துறை வாசலில் சீட்டு வாங்கி உள்ளே போனால் அருவியின் தலைப்பகுதிவரை கல் பாவிய பாதை இருக்கிறது. மெல்ல நடந்தால் அம்மாவால் போய்விட முடியும். ஆனால் மேலே நின்றால் ஆறு விளிம்பில் மறைவதுதான் தெரியும். அருவியின் முழு முகத்தைப் பார்க்கக் கீழே இறங்க வேண்டும். அந்த இறக்கம் செங்குத்து, கல் ஈரமாகவே கிடக்கும், திரும்ப ஏறுவது அதைவிடக் கடினம்.

பல ஆண்டுகளுக்குமுன் மூத்தோர் குழு ஒன்றை அங்கே அழைத்துப் போனேன். பன்னிரண்டு பேர். நான்கு பேரால் இறங்க முடியவில்லை. மேலேயே ஒரு மர நிழலில், மற்றவர்களின் பைகளைக் குரங்கு பிடுங்கிப் போகாமல் மடியில் கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும் விமானத்தில் அவர்களில் ஒரு அம்மா பக்கத்து இருக்கைக்காரரிடம், "உங்க போன்ல அருவி இருந்தா காட்டுங்களேன்" என்று கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை. சிங்கப்பூரிலிருந்து கேரளாவரை வந்து, அருவியைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். பயணத்தைத் திட்டமிட்டவள் நான், தவறு என்னுடையது.

அதனால்தான் கொடுங்கள் என்கிறேன். நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால், சாதாரண அறை எடுத்துவிட்டுக் காலையில் கீழே இறங்கிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். நடக்க முடிகிறவருக்கு அந்தக் காட்சி ஒரு சீட்டு விலையில் கிடைக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அது மாடத்து நாற்காலியிலிருந்துதான் கிடைக்கும். காலைக் காப்பியோடு, மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு, ராத்திரி இருட்டில் சத்தமாக மட்டும் என்று இரண்டு நாள் முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் "அருவி தெரியும்" என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உணவகத்திலிருந்து தெரிந்தால்கூட விளம்பரத்தில் அப்படிப் போடுவார்கள். மாடத்தின் ஓரத்துக்குப் போய்க் கழுத்தை நீட்டினால் மரக்கிளைக்கு நடுவே வெள்ளையாக ஒரு கீற்று தெரியும் அறைகளும் உண்டு. விடுதிக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள். மாடத்து நாற்காலியில் உட்கார்ந்த உயரத்திலிருந்து எடுத்த படம், அறை எண்ணோடு. கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கதவுவரை எத்தனை படி என்ற எண்ணிக்கை. மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் மின்தூக்கி இல்லாமல் நாற்பது, ஐம்பது படி இருப்பது சகஜம். குளியலறையில் பிடிமானக் கம்பி உண்டா, தரை வழுக்குமா என்பது மூன்றாவது. மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு விடுதி பாருங்கள். மர உச்சி வீடு அழகுதான், உங்கள் குடும்பத்துக்கு ஆகாது.

ஏன் ஜூன் வேண்டாம்? கேரளாவில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். நம் ஜூன் விடுமுறையும் அப்போதுதான் என்பதால், மழைக்காலம் என்றால் அருவி நிறைந்திருக்கும் என்று பலரும் நம்பிப் போகிறார்கள். சாலக்குடி ஆற்றின் மேல்பகுதியில் சோலையாறு, பரம்பிக்குளம், பொரிங்கல்குத்து என்று அணைகள் வரிசையாக நிற்கின்றன. (அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் பொள்ளாச்சிப் பக்கத்து வயல்களுக்கும் போகிறது.) கோடையில் வற்றிக் கிடக்கும் அணைகள் முதல் மழையைப் பிடித்துக்கொள்ளும். அணைகள் நிரம்பத் தொடங்கிய பிறகுதான் அருவி உண்மையான உருவத்துக்கு வரும். அதனால் ஜூனில் அருவி ஓர் ஆண்டு பொங்கி வழியும், மறு ஆண்டு சுமாராக இருக்கும். மழையில் நனைவது மட்டும் நிச்சயம். மார்ச் விடுமுறை இன்னும் மோசம், அருவி சில கயிறுகளாகப் பிரிந்து தொங்கும்.

செப்டம்பர் ஒரு வார விடுமுறையில் தண்ணீர் பிரமாதமாக இருக்கும். உங்களுக்கு முப்பது வயதாக இருந்து, கூட வயதானவர்கள் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். ஆனால் மழை, அட்டைக் கடி, வழுக்கல் எல்லாம் உண்டு. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டால் மாவட்ட நிர்வாகம் அருவியைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடும். ஓணத்தை ஒட்டி வந்தால் கூட்டமும் வாடகையும் ஏறிவிடும்.

நவம்பர் கடைசியில் ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியிருக்கும். இரண்டு பருவமழையும் சேர்ந்து ஆற்றை நிறைத்துவிட்டுப் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். வெள்ளக்காலத்தில் செம்மண் கலந்து பழுப்பாக விழும் தண்ணீர் அப்போது வெள்ளை வெளேரென்று விழும். கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்கு முன்பே திரும்பிவிடலாம். திங்கள் முதல் புதன்வரை தங்குங்கள். சனி, ஞாயிறுகளில் உள்ளூர்க் கூட்டமே அங்கே நிரம்பி வழியும்.

ஒரே ஒரு இடைஞ்சல் உண்டு. கார்த்திகை முதல் தேதியோடு ஐயப்பன் சீசன் தொடங்கிவிடுவதால் கொச்சியில் நல்ல வண்டியும் ஓட்டுநரும் கிடைப்பது சிரமம். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் இன்னோவா வேண்டும், செப்டம்பரிலேயே பேசி வைத்துவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து கொச்சிக்கு நேரடி விமானத்தில் நான்கரை மணி நேரம். நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து அருவி சுமார் 55 கிலோமீட்டர். விமானம் இரவில் இறங்கினால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தூங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள். குறுக்குவழி என்று எண்ணெய்ப்பனைத் தோட்டப் பாதையில் விடச் சொல்லாதீர்கள். அந்தி சாய்ந்தால் அது யானைகள் நடமாடும் இடம்.

முதல் இரவு கொச்சி, அடுத்த இரண்டு இரவு அருவி, கடைசி இரவு திருச்சூர் என்று வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு குருவாயூரும் கிடைக்கும். அப்பா வேட்டியை மறக்காமல் எடுத்துக்கொள்ளட்டும், ஆண்கள் அங்கே சட்டையோடு உள்ளே போக முடியாது.

அருவியில் இருக்கும் ஒரு முழு நாளில் காலையில் வாசல் திறந்ததும் நீங்களும் மகனும் கீழே இறங்கிவிட்டு வாருங்கள். பத்து மணிக்குப் பிறகு கூட்டம் சேர்ந்துவிடும். அதன்பின் எல்லாரும் காரில் வாழச்சால்வரை போங்கள், ஐந்து கிலோமீட்டர்தான். ஆறு பாறைகள்மேல் சரிந்து ஓடுவதை அங்கே இறங்காமலே அம்மா பார்க்கலாம். அந்தக் காட்டில் நான்கு வகை இருவாச்சிப் பறவைகள் இருக்கின்றன. பெரிய இருவாச்சி தலைக்குமேல் பறந்தால் சிறகடிப்பு நீராவி ரயில் மூச்சுவிடுவதுபோலக் கேட்கும், உங்கள் மகன் ஊர் திரும்பியும் அதையே பேசுவான். அருவிக்கு மேலே 163 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று வருவதாக இருந்தது. காடர் பழங்குடியினரும், 2017-இல் மறைந்த நதிப் பாதுகாப்பு ஆர்வலர் லதா அனந்தா போன்றவர்களும் ஆற்றுக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். அதை அவனுக்கு அங்கேயே வைத்துச் சொல்லுங்கள்.

அப்பாவின் ஆசைக்கு வருகிறேன். நமக்கு அருவி என்றால் தலையைக் கொடுத்து நிற்பதுதான், அவர் கேட்பது நியாயம். அதிரப்பள்ளி அதற்கான அருவியில்லை. விழும் தண்ணீருக்கு அடியில் யாரும் நிற்க முடியாது. மேலே ஆறு அமைதியாகத் தெரிந்தாலும் இழுப்பு பலமானது, பாறையெல்லாம் பாசி. உயிர்கள் போயிருக்கின்றன. அனுமதித்த ஆழமில்லாத இடத்தில் காலை நனைக்கலாம், அவ்வளவுதான். குளித்தே ஆக வேண்டும் என்றால் அவருக்குக் குற்றாலம்தான். அதைத் தனிப் பயணமாக, சாரல் காலத்தில் வையுங்கள். இந்தப் பயணத்தோடு ஒட்டவைத்தால் அம்மா காரிலேயே நாளைக் கழிப்பார்.

பணக் கணக்கில் ஒன்று விட்டுப்போகும். இந்தியாவில் ஓர் இரவு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. விடுதி சொன்ன விலை வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிட்டு சிங்கப்பூர் வெள்ளியில் கணக்குப் போடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவாகவே எடுங்கள், கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இ-விசா வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் தேவையில்லை. அப்பா, அம்மா இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசிகளாக இருந்தால் அவர்களுடைய மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லையே என்று பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்களையும் ஏற்கும் பயணக் காப்புறுதியை அவர்கள் இருவருக்கும் தனியாக எடுங்கள். மூட்டு, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். அம்மாவின் ஊன்றுகோலுக்கு ரப்பர் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் புறப்படும் வாரத்தில் புதிதாக மாற்றிவிடுங்கள்.