பழைய ராணுவத் துப்பாக்கிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பழைய ரஷ்யத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது. என்ன விலை பெறும்?

பதில்: ஆண்டு இல்லை, முத்திரை இல்லை, படம் இல்லை. "நல்ல நிலை" என்ற இரண்டு சொற்களுக்கு நான் என்ன விலை சொல்வது? உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, குழலின் பின்முனையிலும், குழல் பொருந்தும் உலோகக் கூடான ரிசீவரிலும் இருக்கும் முத்திரைகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். அதுவரை அரம், உப்புத்தாள், வார்னிஷ் மூன்றும் அதன் பக்கமே வரக்கூடாது.

கேள்வி: என்னிடம் இரண்டு மோசின்-நாகான்ட் 91/30 இருக்கின்றன. ஒன்றில் முக்கோணத்துக்குள் அம்பு, அருகில் குறுக்குக்கோடு போட்ட சிறு சதுரம். மற்றதில் நட்சத்திரமும், சதுரத்துக்குள் "எஸ்ஏ" என்ற எழுத்துகளும். எது உசத்தி?

பதில்: இப்படிக் கேட்டால் பதில் சொல்லவே ஆசையாக இருக்கிறது. அம்பு இஷெவ்ஸ்க் ஆலையைக் குறிக்கும், நட்சத்திரம் தூலா ஆலையை. குறுக்குக்கோட்டுச் சதுரம், போருக்குப் பின் பணிமனையில் புதுப்பிக்கப்பட்டதன் அடையாளம். அந்த வகைக்குத்தான் விலை குறைவு. 91/30 ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. "எஸ்ஏ" ஃபின்லாந்து ராணுவத்தின் உடைமை முத்திரை. தேடுகிறவர்கள் அதிகம் என்பதால் கூடுதல் விலைக்குப் போகும்.

கேள்வி: 1944 என்று பொறித்த, பியூ என்ற சோவியத் வகைத் தொலைநோக்கி வைத்த 91/30 ஸ்னைப்பர் துப்பாக்கி. ஸ்டாலின்கிராடில் பயன்பட்டது என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கேட்பவர் ஏமாளி என்றால் கேழ்வரகில் நெய் வடியும். ஸ்டாலின்கிராட் சண்டை 1943 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. கதையை விட்டுவிட்டு, குழலின் பின்முனையில் இடப்பக்கம் தொலைநோக்கியின் எண் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் சாதாரண 91/30-இல் ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெர்மன் மவுசர் கார்98கே, "பிஒய்எஃப் 43". தோட்டாவைத் தள்ளி அறையை அடைக்கும் போல்ட்டின் எண் மட்டும் மற்ற எண்களோடு பொருந்தவில்லை. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு ரிசீவர் எண்ணையே அடித்துத் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார். விலை ஏறும்தானே?

பதில்: ஏறாது, விழும். மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வரும்போதெல்லாம் எரிச்சலும் வருகிறது.

போல்ட் மாறியிருப்பது அவமானம் அல்ல. சோவியத் படை கைப்பற்றிய கார்98கே துப்பாக்கிகளைப் பணிமனைகளில் பிரித்துப் போட்டு, துடைத்து, கைக்கு வந்த போல்ட்டை மாட்டிக் கிடங்கில் அடுக்கினார்கள். ரிசீவரில் ஓர் "எக்ஸ்" குறி. போல்ட்டில் மின்பேனாவால் கிறுக்கிய புதிய எண். அது கிடங்குக் கணக்கு. யாரையும் ஏமாற்றச் செய்ததல்ல, ஆகவே அதை ஒளிக்கவும் இல்லை. உங்கள் பட்டறைக்காரர் செய்யப்போவது வேறு வேலை.

அதுவும் மறையாது. ஓபர்ன்டார்ஃப் மவுசர் ஆலையின் குறியீடு பிஒய்எஃப். அங்கே ராணுவச் சோதகரின் ஏற்பு முத்திரை கழுகும் 135-ம். உங்கள் போல்ட்டில் கழுகும் 623-ம் இருந்தால் அது ஆஸ்திரியாவின் ஸ்டைர் ஆலையில் பிறந்தது. எந்த எண்ணை அடித்தாலும் அது ஸ்டைர் போல்ட்தான். அந்த முத்திரையையும் தேய்த்துவிட்டால்? அரம் பட்ட இடம் குழியும்; நேரான தகட்டு விளிம்பை அதன்மேல் வைத்தால் அடியில் வெளிச்சம் தெரியும். புதிதாக அடித்த எண்ணைச் சுற்றி உலோகம் விளிம்பு கட்டி நிற்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். சுற்றிலும் கறுத்திருக்க எண்ணின் அடிப்பள்ளம் மட்டும் பளிச்சென்றிருக்கும். ஜெர்மானிய எண்களின் வடிவமே தனி. கடையில் வாங்கிய அச்சில் அது வராது.

கணக்குக்கு வருவோம். எல்லா எண்களும் பொருந்திய துப்பாக்கியின் விலையில் உங்களுடையது ஏறத்தாழப் பாதி பெறும். அரம் பட்டால் அந்தப் பாதியும் போகும். போதாக்குறைக்கு, அந்த ஸ்டைர் போல்ட்டைத் தேடி இன்னொருவர் அலைந்துகொண்டிருக்கலாம். அவருடைய துப்பாக்கியையும் சேர்த்துக் கெடுப்பீர்கள். போல்ட் மாறிய துப்பாக்கியில் பார்க்கவேண்டியது ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் அறையில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. அதை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். புதிய எண் அடித்தால் ஹெட்ஸ்பேஸ் சரியாகிவிடாது.

கேள்வி: லீ-என்ஃபீல்டு நம்பர் 5 "ஜங்கிள் கார்பைன்". அசலா?

பதில்: முன்பக்க மேல்கட்டையைக் கழற்றுங்கள். அசலில் எடை குறைப்பதற்காகக் குழலின் பின்முனைப் பகுதியைச் செதுக்கியிருப்பார்கள், ரிசீவரிலும் அப்படியே. நீளமான நம்பர் 4-ஐ வெட்டி, முனையில் தீச்சுடர் மறைக்கும் கூம்பு மாட்டிய போலியில் இது இருக்காது. போல்ட் கைப்பிடி உருண்டையில் குழி இருப்பதை மட்டும் நம்பவேண்டாம், போல்ட்டை மாற்றிவிடலாம்.

கேள்வி: ஜப்பானிய டைப் 99 அரிசாகாவில் பேரரசரின் சின்னமான செவ்வந்தி முத்திரை பாதி தேய்ந்திருக்கிறது. மறுபடி செதுக்கலாமா?

பதில்: மேலே பட்டறைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். ஜப்பான் சரணடைந்த காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்குமுன் தேய்த்தது அது. முழுப் பூவும் இருந்தால் விலை ஒன்றரை, இரண்டு மடங்கு. பாதிப் பூ பாதிப் பூவாகவே இருக்கட்டும்.

கேள்வி: ஸ்பிரிங்ஃபீல்டு 1903, வரிசை எண் ஆறு லட்சத்துச் சொச்சம். சுடலாமா?

பதில்: கூடாது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் எட்டு லட்சத்துக்குக் கீழே உள்ள ரிசீவர்களுக்கு உலோகத்தைச் சூடேற்றிப் பதமாக்கும்போது வெப்பம் கண்ணால் பார்த்தே முடிவானது; நொறுங்கியவை உண்டு. ராக் ஐலண்ட் ஆலை என்றால் எல்லை சுமார் 2,85,500. சேகரிப்பில் வைக்க அருமையான பொருள். கேஜ் வைத்துப் பார்த்துவிட்டேன் என்று எழுதவேண்டாம். கேஜ் உலோகத்தின் பதத்தைச் சொல்லாது.

கேள்வி: சுவிஸ் கே31-இன் கட்டைக்குப் பின்முனையில் உள்ள தகட்டைக் கழற்றியபோது, சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சிறு அட்டை கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டலாமா?

பதில்: படம் எடுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே வையுங்கள். துப்பாக்கியைவிட்டுப் பிரிந்த அட்டைக்கு விலை இல்லை. அட்டை இருக்கும் துப்பாக்கிக்குக் கொஞ்சம் கூடும். திருகுகளுக்குப் பொருத்தமான அளவில் திருப்புளி வைத்திருக்கிறீர்களா? தகட்டில் கீறல் விழுந்தால் அதற்கும் விலையைக் குறைப்பார்கள்.