தோட்டத்துச் சாளையில் எபிக்யூரஸ்

வணக்கம்ங்க.

ஈரோட்டுக் கூட்டத்தில் நீங்கள் பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் பற்றிச் சொன்னதைக் கேட்டேன். இன்பம்தான் வாழ்க்கையின் நோக்கம் என்ற அந்த மனிதர், ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று வாழ்ந்தார் என்றீர்கள். அன்றிலிருந்து மனசுக்குள் ஒரே குடைச்சல்.

எனக்கு 46 வயது. திருப்பூரில் பனியன் தைக்கும் பவர் டேபிள் வைத்திருக்கிறேன், 22 மெஷின். கடன் இல்லாத நாள் கிடையாது, ஆனாலும் தொழில் நடக்கிறது. போன வருசம் என் மச்சான் ஊரில் லிஃப்ட் வைத்து வீடு கட்டினார். புண்ணியார்ச்சனைக்குப் போய் வந்ததிலிருந்து என் வீடு எனக்கே சின்னதாகத் தெரிகிறது. மாடி எடுக்கலாமென்று பேங்க்கில் பேசிவிட்டேன். இத்தனைக்கும் வீட்டில் நாலே பேர். இருக்கிற அறையில் ஒன்று பூட்டியே கிடக்கிறது.

என் கேள்வி இதுதானுங்க. எங்கப்பாரு, அதாவது தாத்தா, கவலை ஓட்டினவர், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். எங்கப்பா பனியன் கம்பெனியில் கைமடித்தவர். ஆசைப்பட்டதால்தானே நான் இங்கே இருக்கிறேன்? எல்லோரும் போதும் என்று உட்கார்ந்திருந்தால் திருப்பூர் உண்டாகியிருக்குமா? இன்னொன்று, இன்பம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் சும்மா உட்கார்ந்தால்கூட "ஏங்கண்ணு, வேலை வெட்டி இல்லையா?" என்பார் அம்மா. எபிக்யூரஸ் சொன்ன இன்பம்தான் எது?

(பெயர் வேண்டாம்)
பெருந்துறை

*

அன்புள்ள நண்பருக்கு,

மாடி எடுக்கலாமா என்று எபிக்யூரஸிடம் யோசனை கேட்கிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கேட்க வேண்டிய ஆள்தான்.

குடித்துக் கூத்தடிக்கச் சொன்னவர் என்ற பழி அவர் மேல் 2,300 ஆண்டுகளாக இருக்கிறது. கண்ணால் காணும் இந்த உலகம் மட்டுமே உண்மை என்ற நம் பக்கத்து உலகாயதருக்கும் இதே கதிதான். "கடன் வாங்கியாவது நெய் குடி" என்ற ஒற்றை வரியைக் கழுத்தில் கட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த வரி நம் கைக்கு வந்ததே அவர்களை ஏற்காதவர்கள் எழுதியதன் வழியாகத்தான். எபிக்யூரஸ் கொஞ்சம் கொடுத்துவைத்தவர், மூன்று கடிதங்களாவது தப்பிப் பிழைத்தன.

கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் 80 மினா (அந்தக் காலத்துக் கிரேக்கப் பணம்) கொடுத்து ஓர் இடம் வாங்கினார். பிறகு அவருடைய பள்ளிக்கே 'தோட்டம்' என்று பெயராகிவிட்டது. சென்னைக்காரருக்கு இதைச் சொன்னால் ரோஜாச்செடிதான் நினைவுக்கு வரும். நமக்கோ தோட்டம் என்றால் கிணறு, காட்டு வீடான சாளை, கட்டுத்தறி, வாய்க்கால் ஓரம் நாலு கீரைப்பாத்தி. என் மனசில் அவர் எப்போதும் ஒரு சாளை வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பெண்களும் அடிமைகளும் கூட உட்கார்ந்து தத்துவம் பேசினார்கள். நம் சாளைத் திண்ணையில் பண்ணையத்து ஆள் உட்கார எத்தனை தலைமுறை ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தால் அது லேசான காரியமில்லை என்று தெரியும்.

உடம்பில் நோவில்லை, மனசில் கலக்கமில்லை. அவர் சொன்ன இன்பம் அவ்வளவுதான். பசி அடங்கியபின் இன்பம் மேலும் பெருகாது, வகைதான் மாறும் என்றார். சப்பென்று இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, சீஸ் கதையைப் படிக்கும்வரை. நண்பர் ஒருவருக்கு எழுதினாராம்: சின்னப் பானையில் கொஞ்சம் சீஸ் அனுப்பிவை, நினைத்தபோது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று.

என் அப்பாரு நினைவுக்கு வந்தார். தினமும் காலையில் கம்மங்கூழும் சின்ன வெங்காயமும்தான். சந்தை நாளில் மட்டும் ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கி வருவார். எங்களுக்கு ஆளுக்கொரு பிடி கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்பார். பொழுது இறங்கும்வரை தின்பார். இன்று என் வீட்டில் மூன்று டப்பாவில் காராச்சேவு இருக்கிறது. டிவியைப் பார்த்தபடி கை பாட்டுக்குப் போய் வருகிறது, தின்றதே தெரிவதில்லை. அப்பாரு ஒன்றும் துறவியில்லை. ஒரு காராச்சேவை எவ்வளவு தின்ன முடியுமோ அவ்வளவு தின்றவர்.

ஆசைகளை எபிக்யூரஸ் மூன்றாகப் பிரித்ததைக் கூட்டத்தில் சொல்ல நேரமில்லை. பசி, தாகம் போல இயல்பானவை, இல்லாமல் முடியாதவை. ஒப்பிட்டு என்கிற போளி, பிரியாணி போல இயல்பானவை, கிடைக்காவிட்டாலும் உயிர் போகாதவை. மூன்றாவது வகை வெறும் நினைப்பில் முளைப்பது, அதற்கு அளவே கிடையாது. படிக்கும்போது இது சுலபம். சிக்கல் என்னவென்றால் ஒரே ஆசை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போய்விடும்.

போர்வெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை காய்கிறது, தண்ணீர் வேண்டும். இதில் என்ன வீம்பு இருக்கிறது? எங்களுக்கு 400 அடியில் கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்தில் 700 ஓட்டினார்கள், எங்களுடையது வற்றியது. நாங்கள் 1,000 ஓட்டினோம். மூன்றாவது போர் போட்ட அன்று விடியவிடிய வெள்ளைப் புழுதிதான் பறந்தது. வண்டிக்காரர் போதுமென்றார். அப்பா விடவில்லை. "அவனுக்கு வந்த தண்ணி நமக்கு வராம எங்க போகும்? இன்னும் எறக்குங்க" என்றார். எந்த அடியில் தாகம் தீர்ந்து வேறொன்று தொடங்கியது என்று இப்போது யோசித்தால், அந்த 'அவன்' வாயில் வந்த இடம்தான் என்று படுகிறது.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். மாடி வருவதற்கு முன்னால் மச்சான் வருகிறார்.

ஒவ்வொரு ஆசையிடமும் கேட்கச் சொல்லி எபிக்யூரஸ் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்: இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? 22 மெஷினை 30 ஆக்க நினைத்தால் அதற்கு ஏதோ ஒரு பதில் வரும், ஆர்டர், கூலி, குழந்தைகள் படிப்பு என்று. மாடிக்குக் கேட்டுப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று மூன்றாகும், தவணை தொடங்கும். மச்சான் வந்து பார்த்து "நல்லாருக்குங்க மாப்ளே" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதினைந்து வருசத் தவணை கட்டலாமா என்பது உங்கள் கணக்கு.

திருப்பூர் உண்டாகியிருக்குமா என்கிறீர்கள். உங்கப்பா கைமடிக்கப் போனது எந்த மச்சானின் வீட்டைப் பார்த்து? கவலை ஓட்டியவரின் மகன் கம்பெனிக்குப் போகிறான் என்றால் அங்கே வயிறு ஒன்று இருக்கிறது. அந்த ஆசையை எபிக்யூரஸ் தொடவே மாட்டார்.

ஓரிடத்தில் எனக்கும் அவரோடு ஒத்துப்போகாது. யார் கண்ணிலும் படாமல் வாழ், அரசியல் பக்கம் போகாதே என்றார் அவர். நாம் அப்படி இருந்திருந்தால் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வந்திருக்குமா? பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்து, உண்ணாவிரதம் இருந்து, தெருவில் நின்றுதான் 2024இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளம் குட்டைகளுக்கு பவானித் தண்ணீர் வரத் தொடங்கியது. தோட்டத்துக்குள் நிம்மதியாக உட்காரவும் வெளியே யாரோ கலங்கியிருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு அவரிடம் நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதையும் கேட்டமாதிரி இருந்தது. கி.மு. 270இல் சிறுநீர் அடைத்துக்கொண்டு, 14 நாள் வலியில் கிடந்து இறந்தார் எபிக்யூரஸ். கடைசி நாளில் நண்பருக்கு எழுதியது: வலி உச்சத்தில் இருக்கிறது, ஆனாலும் நாம் பேசிக்கொண்டிருந்த பேச்சுகளை நினைத்தால் மனசு அதற்கு ஈடுகொடுக்கிறது. 80 மினாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறு அம்மாவையும் திண்ணையில் பக்கத்தில் உட்கார வையுங்கள். கவலை ஓட்டிய காலத்துக் கதை எதையாவது கேளுங்கள். எழுந்து போகச் சொல்கிறாரா என்று பார்ப்போம்.

தை பிறந்ததும் பெருந்துறைப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும். அந்தப் பூட்டிய அறையைத் திறந்து வையுங்கள்.

அன்புடன்.