லண்டனிலிருந்து பாரிஸுக்குத் துணி: ‘வரியில்லா ஒப்பந்தம்’ இருந்தும் வரி ஏன்?

கேள்வி: ஹாரோவில் வீட்டிலிருந்தே துணி வியாபாரம் செய்கிறேன். திருப்பூரிலிருந்து குழந்தைகள் உடுப்புகளை வரவழைத்து, வரி கட்டி எடுத்து, ஆர்டர் வரும்போது அனுப்புவேன். பாரிஸிலும் ஜெர்மனியிலும் நிறைய வாடிக்கையாளர்கள். சமீபத்தில் பாரிஸுக்கு 200 யூரோ பெறுமதியில் ஒரு பார்சல் அனுப்பினேன். கூரியர்காரர் வாசலில் நின்று 90 யூரோவுக்கு மேல் கேட்டதால் அந்த அம்மா வாங்காமல் திருப்பிவிட்டார். இப்போது திரும்பி வந்த பார்சலுக்கு என்னிடமும் வரி கேட்கிறார்கள். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே? பார்சல் போட்டுத் தரும் ஏஜென்ட், “இன்வாய்ஸில் யுகே ஆரிஜின் என்று ஒரு வாக்கியம் சேருங்கள், இல்லாவிட்டால் கிஃப்ட் என்று எழுதுங்கள்” என்கிறார். செய்யலாமா? தெரிந்த அக்கா ஒருவர் வெம்ப்ளியில் பட்டுப் பாவாடை சட்டை தைத்துத் தருகிறார். அதையாவது யுகே பொருள் என்று சொல்லலாமா?

பதில்: ஏஜென்ட் சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். அக்கா தைக்கும் பாவாடைக்கும் பெரும்பாலும் ‘இல்லை’ என்பதுதான் பதில். அதில் மட்டும் ஒரு விலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒப்பந்தம். பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அந்த வருடக் கடைசிவரை பழைய ஏற்பாடே தொடர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் புதிய வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதை அறிவித்தபோது “சுங்க வரியும் இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை” என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியம் எல்லோர் காதிலும் விழுந்தது. 1,200 பக்கத்துக்கு மேல் நீளும் அந்த ஒப்பந்தத்துக்குள் இருக்கும் நிபந்தனையை வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் ஒருவருக்குப் புரியும்படி யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அதில் கோபம் உண்டு.

அந்த நிபந்தனை இதுதான்: வரியில்லாச் சலுகை பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ உருவான பொருளுக்கு மட்டும். பார்சல் எங்கிருந்து புறப்பட்டது என்பதை ஒப்பந்தம் பார்ப்பதில்லை, பொருள் எங்கே உருவானது என்பதைத்தான் பார்க்கிறது. திருப்பூரில் பின்னித் தைத்த ஃப்ராக், ஹாரோவில் உங்கள் அலமாரியில் ஆறு மாதம் இருந்தாலும் இந்தியப் பொருள்தான். நீங்கள் அதை இஸ்திரி போட்டு, உங்கள் கடை லேபிள் ஒட்டி, அழகான பெட்டியில் வைத்தாலும் மாறாது. இஸ்திரி போடுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடைப்பது எல்லாம் போதாத வேலைகள் என்று ஒப்பந்தமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. ஆக, இங்கே இறக்கும்போது ஒருமுறை வரி கட்டினீர்கள், பிரான்சுக்குள் நுழையும்போது அதே துணிக்கு மறுபடியும் வரி. அநியாயம் என்று தோன்றும். ஆனால் இரண்டும் இப்போது தனித்தனிச் சுங்க எல்லைகள். ஒன்றியத்தை விட்டு வெளியேறியதன் நேரடி விளைவு இது.

அந்த அம்மாவிடம் கேட்ட தொகையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். துணி 200 யூரோ, அனுப்பும் செலவு 20 என்று வைத்துக்கொண்டால் சுங்க மதிப்பு 220. ஆயத்த ஆடைகளுக்கு ஒன்றியத்தின் வழக்கமான வரி 12 சதவீதம், அதாவது 26 யூரோ 40 காசு. இரண்டையும் கூட்டினால் வரும் 246.40 யூரோவின் மேல் பிரெஞ்சு மதிப்புக்கூட்டு வரி (வாட்) 20 சதவீதம், 49 யூரோ 28 காசு. ஆக மொத்தம் 75.68. இதன்மேல் கூரியர் நிறுவனம் தன் ‘கையாளும் கட்டணத்தை’ ஏற்றுகிறது. கூரியர்காரர் ஏமாற்றவில்லை. விற்கும்போது இந்தத் தொகையை வாடிக்கையாளரிடம் நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் சிக்கல்.

இனி ஏஜென்ட் விஷயம். “ஒரு வாக்கியம்தானே” என்று அவர் சொல்வது சாதாரண வாக்கியம் இல்லை. பொருள் பிரிட்டனில் உருவானது என்று ஏற்றுமதியாளர் தரும் உறுதிமொழி அது. அதில் நிற்பது உங்கள் பெயரும் உங்கள் ஈஓஆர்ஐ எண்ணும் (சுங்கத்தில் வியாபாரிக்குத் தரும் பதிவு எண்). ஏஜென்டின் பெயர் எங்கேயும் வராது. அப்படி எழுதிவிட்டால் அதற்கான ஆதாரங்களைக் குறைந்தது நான்கு வருடம் வைத்திருக்கவும் வேண்டும். பிரெஞ்சுச் சுங்கத்துக்குச் சந்தேகம் வந்தால் பிரிட்டிஷ் வரித் துறையான எச்எம்ஆர்சிக்கு எழுதும், எச்எம்ஆர்சி உங்களிடம் வரும். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பெட்டியைத் திறந்து ஃப்ராக்கின் கழுத்துப் பட்டியைத் திருப்பினால் ‘மேட் இன் இந்தியா’ என்று நெய்த துண்டு தொங்குகிறது. இன்வாய்ஸில் யுகே ஆரிஜின் என்று இருக்கிறது. அதிகாரிக்கு வேறென்ன வேண்டும்? அங்கே இறக்குமதியாளர் என்று பதிவாகியிருப்பது உங்கள் வாடிக்கையாளர். விட்டுப்போன வரியை முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். உங்களை நம்பி வாங்கியவர் தலையில் அது விழும்.

கிஃப்ட் யோசனை இதைவிட மோசம். தனி ஆள் தனி ஆளுக்குக் காசு வாங்காமல் அனுப்பும் பொருளுக்குத்தான் அந்தச் சலுகை, அதுவும் 45 யூரோ வரைக்கும். காசு வாங்கி விற்றது கிஃப்ட் ஆகாது. விலையைக் குறைத்து எழுதுவதும் இதே ரகம்தான். பார்சல் தொலைந்தால் இழப்பீடு நீங்கள் எழுதின விலைக்குத்தான் கிடைக்கும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் மூன்று சின்னப் பார்சலாகப் பிரித்து அனுப்பச் சொல்பவர்களும் உண்டு. சுங்கம் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட முடியும்.

இந்த ஏஜென்டுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2021க்குப் பிறகு நம் கடைத்தெருக்களில் இவர்கள் முளைத்த வேகம் எனக்குத் தெரியும். நல்லவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘எல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ என்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சரக்குக் குறியீட்டில் பதிவு செய்கிறீர்கள்? இறக்குமதியாளர் என்று யார் பெயரைப் போடுகிறீர்கள்? பதிவு செய்த சுங்க அறிவிப்பின் நகல் எனக்கு வருமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அடுத்த ஆளைப் பாருங்கள். அந்த நகல் இல்லாததால்தான் நீங்கள் இப்போது திரும்பி வந்த பார்சலுக்கு வரி என்ற இரண்டாவது சிக்கலில் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தந்திரம், ஐஓஎஸ்எஸ் எண்ணை வாடகைக்கு விடுவது. 150 யூரோவுக்கு உட்பட்ட பார்சல்களுக்கு வாட்டை விற்கும்போதே வசூலித்து ஒரே இடத்தில் கட்டும் ஏற்பாடு அது, 2021 ஜூலை 1 முதல் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு வாசலில் வாட் கேட்டுத் தொல்லை வராது, உங்கள் மாதிரி வியாபாரத்துக்கு நல்ல வழிதான். பிரிட்டனில் இருப்பவர் ஒன்றியத்துக்குள் இருக்கும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட இடைநிலையாளர் மூலமாகத்தான் பதிவு செய்ய முடியும், அதற்குச் செலவு உண்டு. அதனால்தான் “என் எண்ணைப் போட்டுக்கோங்க, பார்சலுக்கு ஒரு பவுண்டு கொடுங்க” என்று கிளம்பியிருக்கிறார்கள். அந்த எண்ணில் உங்கள் வாட் கட்டப்படுகிறதா என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. வேண்டாம். எட்ஸி, ஈபே போன்ற சந்தைத் தளங்கள் வழியாக விற்றால் 150 யூரோ வரைக்கும் வாட்டை அவர்களே வசூலித்துக் கட்டிவிடுவார்கள். தொடக்கத்துக்கு அது போதும். 150 யூரோவுக்குக் கீழே சுங்க வரி கிடையாது என்ற சலுகையையும் ஒன்றியம் நீக்கி வருகிறது. 2026 ஜூலை 1 முதல் சிறு பார்சல்களில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ வசூலிக்க அவர்களுடைய நிதியமைச்சர்கள் 2025 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். விலை போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வெம்ப்ளி அக்காவின் பாவாடை சட்டை. “இங்கேயே வெட்டி, இங்கேயே தைத்தது, இது எப்படி இந்தியப் பொருள்?” என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் ஆடைகளுக்கு ஒப்பந்தம் இரண்டு கட்ட வேலை கேட்கிறது. நெய்த துணி என்றால் நெசவும் தையலும் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ நடந்திருக்க வேண்டும். பின்னலாடை என்றால் பின்னலும் தையலும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த பட்டை வெம்ப்ளியில் வெட்டித் தைத்தால் ஒரு கட்டம்தான் இங்கே நடந்திருக்கிறது. ஆகவே சலுகை இல்லை. கூலி எவ்வளவு ஆனாலும், துணியைவிடத் தையல் விலை கூடினாலும், இல்லை.

நான் சொன்ன விலக்கு இங்கேதான் வருகிறது. துணி ஒன்றியத்தில் உருவானதாக இருந்தால் அதைப் பிரிட்டனில் உருவானதற்குச் சமமாக எண்ணிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் அனுமதிக்கிறது. அதாவது இத்தாலியில் நெய்த பருத்தித் துணியை வாங்கி, அக்கா வெம்ப்ளியில் வெட்டிப் பாவாடை தைத்தால் அது பிரிட்டிஷ் பொருள். பாரிஸுக்கு வரியின்றிப் போகலாம், வாட் மட்டும் உண்டு. பட்டன், ஜிப் எங்கிருந்து வந்தாலும் பாதகமில்லை. ஆனால் இத்தாலியக் கடையில் வாங்கினால் மட்டும் போதாது. இத்தாலியக் கடை சீனத் துணியும் விற்கும். ‘இந்தத் துணி ஒன்றியத்தில் உருவானது’ என்று ஒப்பந்தம் சொல்லும் வாசகத்திலேயே துணி விற்பவர் தன் இன்வாய்ஸில் உறுதிமொழி தந்திருக்க வேண்டும். அது இல்லாமல் உங்கள் உறுதிமொழியை எழுதாதீர்கள். எந்தத் துணிச் சுருளிலிருந்து எந்த ஆர்டர் தைக்கப்பட்டது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், பின்னால் கேட்டால் காட்டவேண்டியது அந்த நோட்டைத்தான். ஒரு பாவாடையில் பாதி இத்தாலித் துணி, பாதி காஞ்சிபுரம் பட்டு என்று கலந்துவிட்டால் இந்த விலக்கை மறந்துவிடுங்கள். துணியில் அச்சடித்துத் தைப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. அதன் நிபந்தனைகள் வீட்டுத் தையலுக்கு ஒத்துவராது.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் ஏதாவது கடைக்கு மொத்தமாகக் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தச் சரக்கை லண்டனுக்குக் கொண்டுவரவே வேண்டாம். திருப்பூர்க்காரரிடம் சொல்லித் தூத்துக்குடியிலிருந்து நேரே லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு, அந்தக் கடையை இறக்குமதியாளராகப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். வரி ஒருமுறைதான். உங்கள் லாபம் இன்வாய்ஸில் வரும், துணி உங்கள் வீட்டு வழியாக வரவேண்டிய அவசியமில்லை.

வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கும்போது ‘வரி வாட் எல்லாம் சேர்த்து’ விலை சொல்லி, கூரியரில் டிடிபி முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் வரியை நீங்கள் கட்டுவீர்கள், வாசலில் யாரும் கை நீட்டமாட்டார்கள். விலை கூடும்தான். இன்னொன்று: 2024 டிசம்பர் 13 முதல் ஒன்றியத்துக்குள் விற்கும் இந்த மாதிரிப் பொருட்களுக்கு அங்கே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அவர் பெயரும் முகவரியும் பொருளிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். பாரிஸிலிருக்கும் சொந்தக்காரர் முகவரியை அவருக்குத் தெரியாமல் போட்டுவிடாதீர்கள். பாதுகாப்புக் கேள்வி வந்தால் அந்த ஆள் பதில் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை, அங்கே அனுப்புவதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

கடைசியாக, திரும்பி வந்த பார்சல். அதற்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. இங்கிருந்து போன பொருள் மூன்று வருடத்துக்குள், மாற்றம் எதுவும் செய்யப்படாமல் திரும்பினால் வரி விலக்கு உண்டு. அனுப்பினவரே திரும்பப் பெறுகிறார் என்பதால் வாட்டிலும் விலக்கு. ஆனால் கூரியரின் கணினி “துணி, பிரான்சிலிருந்து, 200 யூரோ” என்று பார்த்ததும் வரி போட்டுவிடுகிறது. நம் பொருள்தான் திரும்பி வருகிறது என்று காகிதத்தோடு நிரூபிப்பது நம் வேலை என்று வைத்திருக்கிறார்கள். போன எண்ணையும் வந்த எண்ணையும் ஒரே நிறுவனத்தின் கணினி சேர்த்துப் பார்க்க இவ்வளவு வருடம் போதவில்லையா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நீங்கள் அனுப்பியபோது போட்ட சுங்க அறிவிப்பின் நகல், விற்ற இன்வாய்ஸ், ‘பெறுநர் மறுத்தார்’ என்று காட்டும் டிராக்கிங் பக்கம், இந்த மூன்றையும் கூரியருக்கு அனுப்பி ‘திரும்பிய பொருள் விலக்கு’ கேளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றாலும் திரும்பக் கேட்கலாம். ராயல் மெயில், பார்சல்ஃபோர்ஸ் வழியாக வந்ததென்றால் அதற்குப் பிஓஆர் 286 என்ற படிவம். அறிவிப்பின் நகல் ஏஜென்டிடம் இருந்தால் இன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் கூரியர் நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள், அவர்களுடைய பதிவில் அது இருக்கும்.