சிட்டலோபிராம் சேர்த்தும் அமிலாய்டு குறையாதது ஏன்?
ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் சிறுநீரகவழிச் செல்களான ஹெக் செல்களில், மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராமை மட்டும் சேர்த்தால், அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத் துண்டான அமிலாய்டு பீட்டா நீங்கள் எதிர்பார்த்தபடி குறையாது. அம்மருந்து, நரம்பணுக்களிலிருந்து வெளிவந்த செரட்டோனின் என்ற தூதுப்பொருள் மீண்டும் உள்ளிழுக்கப்படுவதைத் தடுக்கிறதே தவிர, அதன் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டுவதில்லை. அச்செல்களோ செரட்டோனினைச் சுரக்கும் நரம்பணுக்கள் அல்ல.

செரட்டோனின் ஏற்பிகளில் ஒன்றான 5-எச்டி4-ஐ அச்செல்களே உருவாக்கும்படி செய்து, செரட்டோனினையே சேர்த்து, முதலில் செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ஈஆர்கே நொதி பாஸ்பேட் ஏற்றம் பெறுகிறதா (அதாவது தூண்டப்படுகிறதா) என்றும், பின்னர் அமிலாய்டு பீட்டா உருவாகாதபடி அதன் மூலப் புரதத்தை வெட்டும் ஆல்ஃபா செக்ரிடேஸ் நொதி, வளர்ப்பு ஊடகத்தில் விடும் துண்டு கூடுகிறதா என்றும் பாருங்கள். முந்தைய இரவே ஊடகத்திலிருந்து சீரத்தை (செல் வளர்ப்புக்குச் சேர்க்கும் இரத்த நீர்மத்தை) நீக்கிவிடுங்கள். அதிலேயே செரட்டோனின் உண்டு, அது ஈஆர்கேயையும் தூண்டிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஒன்றை மறக்க வேண்டாம்: 2014-இல் வெளியான எலி ஆய்வில் சிட்டலோபிராம் மூளையில் புதிய அமிலாய்டு படிவுகளைக் குறைத்ததே அன்றி, ஏற்கெனவே இருந்தவற்றைச் சுருக்கவில்லை.